புலியூர்க்குறிச்சியில் வழிமறிக்கும் கல்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் 14 கிலோமீட்டர் போனால் புலியூர்க்குறிச்சி வரும். உதயகிரிக் கோட்டை இங்கேதான் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்களுக்கு அது ஒரு நீண்ட கருங்கல் மதிலாகக் கண்ணில் பட்டு மறைந்துவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தக்கலையில் திரும்பி, பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விடுகிறார்கள். அரண்மனையின் மரவேலைப்பாடும், முகம் பார்க்கலாம் என்னும்படி மின்னும் கருந்தரையும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதவை. அந்த அழகைக் குறைத்துச் சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் நாஞ்சில் நாடு எப்படி இருந்தது, யாரை ஏற்றது, யாரைத் தள்ளியது, அந்நியன் என்று யாரைக் கருதியது என்றெல்லாம் கேட்டுக்கொண்டு பயணம் வருகிறவருக்கு, அரண்மனையைவிட அதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் கோட்டைக்குள் கிடக்கும் கல்லறைகள் அதிகம் சொல்லும். அரண்மனை அரசன் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியதைச் சொல்கிறது. கல்லறையோ தான் சொல்ல நினைத்ததையும் சொல்லி, சொல்லாமல் விட்டதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கோட்டை சுமார் 90 ஏக்கர் பரப்பு. நடுவே ஒரு குன்று, அதைச் சுற்றி வளைத்த கல்மதில். வேணாட்டு அரசர்கள் காலத்தில் மண்கோட்டையாக இருந்ததைத் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா 1740களில் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். உள்ளே பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. படைவீரர்களின் குடியிருப்பு இருந்தது. இப்போது வனத்துறை இதைப் பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறது. விடுமுறை நாட்களில் குடும்பங்கள் மான் பார்க்க வருகின்றன, பிள்ளைகள் ஓடுகின்றன. மரநிழலில் நடந்து போனால் கூரை இல்லாத ஒரு சிறு ஆலயம். சுவர்கள் நிற்கின்றன. மேலே வானம், கீழே தரையோடு பதிந்த கல்லறைகள். இடிந்த கட்டடத்துக்கு மட்டுமே வாய்க்கும் ஓர் அமைதி இங்கே உண்டு. வெயிலும் இலைநிழலும் மாறிமாறி விழும் அந்தக் கற்களில் ஒன்றில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. இலத்தீன் வாசகம் பயணியைக் கூப்பிட்டு, நில் என்று தொடங்குகிறது. ரோமானியர்கள் ஊருக்கு வெளியே சாலையோரத்தில் இறந்தவர்களைப் புதைத்து, வழிப்போக்கரை விளித்துக் கல்வெட்டு எழுதியவர்கள். அந்த வழக்கம் ஈராயிரம் ஆண்டு கழித்து, பனையும் தென்னையும் நிற்கும் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிற்கச் சொல்கிற கல்லுக்கு முன்னால் நிற்பதுதான் மரியாதை.

அடங்கியிருப்பவர் எவுஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டி லனாய். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்தவர். மிளகு வியாபாரத்தைத் தன் பிடியிலேயே வைத்துக்கொள்ளக் கம்பெனி இலங்கையிலிருந்து அனுப்பிய படை குளச்சலில் இறங்கியது. 1741இல் மார்த்தாண்டவர்மாவின் படை அதை முறியடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். சிறைப்பட்டவரை அரசர் தம் படைக்குப் பயிற்சியாளராக்கினார். அவர் படிப்படியாக உயர்ந்து தளபதியாகி, மக்கள் வாயில் ‘வலிய கப்பித்தான்’ ஆனார். வட்டக்கோட்டையைச் செப்பனிட்டது, வடக்கே நெடுங்கோட்டை அரணை அமைத்தது, பீரங்கியும் துப்பாக்கியும் பழகிய ஒழுங்குப் படையை உருவாக்கியது எல்லாம் அவர் பெயரோடு சேர்ந்தவை. 1777 ஜூன் 1இல் இறந்தார். அவர் வாழ்ந்தது 62 ஆண்டு 5 மாதம் என்று கல் கணக்குச் சொல்கிறது. ஏறக்குறைய 37 ஆண்டுகள் அரசருக்கு மிகுந்த விசுவாசத்தோடு உழைத்தார், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளையெல்லாம் அவருக்குக் கீழ்ப்படுத்தினார் என்பது அதன் சாரம். இந்த 37 என்ற எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 1777இலிருந்து பின்னோக்கி எண்ணினால் குளச்சல் போர் நடந்த நாட்களில் போய் நிற்கிறோம். பிடிபட்டதைப் பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. கம்பெனியைப் பற்றியும் இல்லை. ஆனால் சிறைப்பட்ட காலத்தையே ஊழியத்தின் தொடக்கமாக வைத்துக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்பிருந்த 26 ஆண்டு வாழ்க்கையைக் கல் கண்டுகொள்ளவில்லை.

இப்போது தமிழ் எழுத்துக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நுழைவாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய தூண்கள், உள்ளே குடும்பச் சின்னங்களோடு செய்நேர்த்தி மிகுந்த பெரிய பலகைக் கற்கள். கல்வேலையின் அழகில் உதயகிரியால் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அந்தக் கற்கள் பேசுவது டச்சு. கம்பெனியின் ஆட்கள் கம்பெனியின் ஆட்களுக்காக எழுதிவைத்த வாசகங்கள் அவை. ஊர்க்காரர் படிக்க வேண்டும் என்ற எண்ணமே அவற்றில் தெரியவில்லை. உதயகிரியில் நிலைமை வேறு. தெய்வத்துக்கும் திருச்சபைக்கும் இலத்தீன், சுற்றியிருப்பவர்களுக்குத் தமிழ். டச்சு மொழிக்கு அங்கே வேலையே இல்லை. தமிழ் வெட்டப்பட்டது உள்ளூர்க் கல்தச்சரின் வசதிக்காக இருக்கலாம், அதற்கு இவ்வளவு பொருள் ஏற்ற வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். வசதி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், இறந்தவரின் பெயரைப் படித்துச் சொல்லப் போகிறவர்கள் தமிழ் பேசுகிறவர்கள் என்று அந்தக் கல்லை வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்காக எழுதுகிறோம் என்பதில்தான் ஒரு மனிதன் எந்த ஊர்க்காரன் என்பது தெரியவரும். கல்லை அளவுகோலாக வைத்தால் டி லனாய் புலியூர்க்குறிச்சிக்காரர்.

இதைப் பத்மநாபபுரம் அரண்மனையோடு ஒப்பிட்டால் என் வாதம் இன்னும் விளங்கும். அரண்மனையில் ஓர் ஓவியம் உண்டு. குளச்சலில் தோற்ற டி லனாய் மார்த்தாண்டவர்மாவின் முன் சரணடையும் காட்சி. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதன் முன் நிற்கிறார்கள். வழிகாட்டிகளும் பெருமையோடு விளக்குகிறார்கள். குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. ஓவியமும் தூணும் 1741இன் ஒரே ஒரு நாளைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கின்றன. அந்த நாளில் அவர் எதிரி, தோற்றவர். அடுத்து வந்த 36 ஆண்டுகளைச் சொல்ல இந்த மாவட்டத்தில் மிஞ்சியிருப்பது கூரையில்லாத ஆலயம் ஒன்றுதான். ஐரோப்பியக் கிறிஸ்தவர் என்பதால் அவரால் அரண்மனைக்குள் நுழைய முடியாதிருந்தது என்றும், அதனாலேயே உதயகிரியில் குடியிருந்தார் என்றும் சொல்லப்படுகிறது. கோட்டைக்கே ‘தில்லானைக் கோட்டை’ என்ற பெயர் மக்கள் வழக்கில் உண்டு. படையை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பிக்கை, வாசலைத் தாண்டவிடாத அளவுக்கு ஆசாரம். இவ்விரண்டும் ஒரே அரசில், ஒரே மனிதர் விஷயத்தில், இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் சேர்ந்து இருந்திருக்கின்றன. அரண்மனையை மட்டும் பார்த்தவருக்கு இந்த இடைவெளி புலப்படாது. கோட்டையிலிருந்து அரண்மனைக்கு நடந்து போகிறவருக்குக் கால் வழியாகவே அது தெரிந்துவிடும்.

அவர் பக்கத்தில் மனைவியும் மகனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மகன் யோவான்னஸ் 1765இல் களக்காட்டில் நடந்த சண்டையில் இறந்தவன். இருபது வயதைத் தொட்டும் தொடாத பருவம். தகப்பனின் கல்லைவிட இந்தக் கல்லே வலுவான சாட்சி என்று நினைக்கிறேன். டி லனாய்க்குத் தெரிவு இருந்ததா, பிழைப்புக்காக அரசனிடம் சேர்ந்தாரா என்று எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். சிறைப்பட்டவன் வேறென்ன செய்வான் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மகன் சிறைப்பட்டவன் அல்லன். குளச்சல் போருக்குப் பிறகு பிறந்தவன். அவன் இறந்தது கம்பெனிக்காகவோ ஏதோ ஓர் ஐரோப்பிய அரசனுக்காகவோ அன்று. கிழக்கு எல்லையில், மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூருக்காக. ஒரு குடும்பம் ஒரு மண்ணுக்கு உரியதாவதற்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே இரண்டாம் தலைமுறையிலேயே அது முடிந்துவிட்டது. மகனைப் புதைத்த பின்னும் தகப்பன் இன்னும் 12 ஆண்டு அதே கோட்டையில், அதே வேலையில் இருந்து, கடைசியில் அவன் பக்கத்தில் வந்து படுத்தார். அந்த 12 ஆண்டுகளைப் பற்றிக் கல்வெட்டில் ஒன்றும் இல்லை. இரண்டு கற்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதே போதும்.

கோட்டைக் கல்லறையின் கதை கோட்டைக்குள்ளேயே முடிவதில்லை. அதே புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை என்று ஒரு திருத்தலம் இருக்கிறது. தாகத்தால் வாடிய தேவசகாயம் பாறையில் முட்டியால் இடித்தபோது நீர் சுரந்தது என்பது நம்பிக்கை. தேவசகாயத்தின் இயற்பெயர் நீலகண்டப் பிள்ளை; நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர், பத்மநாபபுரத்தில் அரசுப் பணியாளர். மாடுகளும் பயிரும் அழிந்து மனம் உடைந்திருந்த காலத்தில் டி லனாய் அவருக்கு விவிலியத்து யோபுவின் கதையைச் சொன்னார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதாகி, ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டு, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் கோயிலின் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15இல் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அப்போது ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரை நீக்கிவிட்டு, தேவசகாயம் என்றே அழைத்தார்கள். உதயகிரிக் கல்லையும் கோட்டாற்றுக் கல்லையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்கிறவர் மனதில் ஒரு கேள்வி தங்கும். ஒரே அரசர், ஒரே மதம். அந்த மதத்தில் பிறந்த அந்நியன் தளபதியாகிறான். அந்த மதத்துக்குப் போன உள்ளூர்க்காரன் கொல்லப்படுகிறான். தேவசகாயம் மதத்துக்காகக் கொல்லப்படவில்லை, அரசுக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கை இந்தக் கட்டுரை தீர்த்துவைக்கப் போவதில்லை. எந்தப் பக்கத்தை ஏற்றாலும், பிறப்பால் ஒரு சாதிக்குள் வந்தவன் அதைவிட்டு வெளியே காலெடுத்து வைப்பது அன்றைய சமூகத்துக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்நியனுக்குச் சாதி ஒழுங்கில் இடமே இல்லை. அதனால் அவன் மீறுவதற்கும் எதுவும் இல்லை. இந்த உண்மையை அரண்மனை எந்த அறையிலும் காட்டாது. இரண்டு கல்லறைகள் சேர்ந்து காட்டுகின்றன.

கல்லறை வாசகத்தை நம்பலாமா என்ற ஆட்சேபம் வலுவானது. செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் கல்லில் வெட்டுவார்கள். காயங்குளம் முதல் கொச்சி வரை எல்லா நாடுகளையும் டி லனாய் தம் ஆயுத வலிமையாலும் தம்மைப் பற்றிய அச்சத்தாலும் கீழ்ப்படுத்தினார் என்பது மிகைதான். அந்த வெற்றிகளில் மார்த்தாண்டவர்மாவின் தளவாய் ராமய்யனின் பங்கை யாரும் மறுக்க முடியாது. கல் அவரை நினைக்கவே இல்லை. ஆனால் மிகை இருப்பதால் கல் பயனற்றதாகிவிடாது. அரசர்களின் மெய்க்கீர்த்திகளை வரலாற்றாசிரியர்கள் எப்படிப் படிக்கிறார்களோ அப்படித்தான் இதையும் படிக்க வேண்டும். பெருமை பேசும் இடத்தில் ஐயம் கொள்ள வேண்டும். பெருமைக்குத் தேவைப்படாத இடத்தில் நம்பலாம். எந்த மொழியில் எழுதினார்கள், எந்த ஆண்டிலிருந்து எண்ணினார்கள், யாரை யார் பக்கத்தில் புதைத்தார்கள் என்பவற்றில் பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. என் வாதம் நிற்பது இந்த மூன்றின் மேல்தான். வெற்றிப் பட்டியலின் மேல் அன்று.

இன்னொரு ஆட்சேபம் கேரளப் பக்கத்திலிருந்து வரக்கூடும். காயங்குளத்தார்க்கும் அம்பலப்புழையார்க்கும் டி லனாய் தங்கள் நாட்டை விழுங்கியவர். படையெடுப்பில் எரிந்த ஊர்களின் சார்பில் பேசுகிறவர் இந்தக் கல்லுக்கு ஏன் பூப்போட வேண்டும்? போட வேண்டாம். கல்லறையைப் பார்ப்பதும் கல்லறைக்குள் இருப்பவரை வணங்குவதும் வேறு வேறு. அவர் கட்டிய நெடுங்கோட்டை, அவர் இறந்து 12 ஆண்டு கழித்து, 1789இல் திப்புவின் படையைத் தடுத்து நிறுத்தியது என்பதைச் சொல்லி ஒருவர் அவரைப் புகழலாம். அதே ஒழுங்குப் படை சிறு நாடுகளை அழித்தது என்பதைச் சொல்லி இன்னொருவர் பழிக்கலாம். இருவரும் வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான். இடத்தை அழியவிட்டால் புகழ்ச்சிக்கும் சான்று இல்லை, பழிக்கும் சான்று இல்லை.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் மூன்றாவது. தளபதிக்குக் கல் இருக்கிறது. கல் சுமந்தவனுக்கு இல்லை. இந்த மதிலின் ஒவ்வொரு கல்லையும் யாரோ உடைத்தார்கள், யாரோ ஏற்றினார்கள். குளச்சல் கரையில் முக்குவர்கள் துடுப்புகளை நிமிர்த்திப் பிடித்து, துப்பாக்கிப் படை நிற்பதுபோல் காட்டி டச்சுக்காரரை ஏமாற்றினார்கள் என்று கடலோரத்தில் இன்றும் சொல்வார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் தூணில் இல்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்ததே 1855இல்தான். அப்படியிருக்க, கல்லறைகளை வைத்து ஒரு நாட்டை வாசிப்பது மேலே இருந்தவர்களை மட்டுமே வாசிப்பதாகாதா? ஆகும், கல்லை மட்டும் பார்த்தால். ஆனால் நாஞ்சில் நாட்டுக்கு இறந்தவர்களை நினைக்க வேறு வழிகளும் தெரியும். பேறுகாலத்தில் இறந்த பெண்ணுக்காகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அவள் இறக்கிவைக்காத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கிவைத்துக்கொள்வார்கள். அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமாகிப் பீடம் பெறுவார்கள்; கொடை நாளில் வில்லுப்பாட்டில் அவர்களின் கதையை விடிய விடியப் பாடுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது கணியாகுளத்தில் மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது பாட்டுத்தான். இலத்தீன் கல் பயணியை நிற்கச் சொல்கிறது, சுமைதாங்கி அவன் தலைச்சுமையை வாங்கிக்கொள்கிறது, வில்லுப்பாட்டு உட்காரவைத்துக் கதை சொல்கிறது. உதயகிரிக் கல்லறையை இவற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதே என் பதில். கல்லில் பெயர் இல்லாதவர்களைத் தேடி எங்கே போவது என்பது அப்போதுதான் தெரியும்.

இவ்வளவு சொல்லும் இடம் ஏன் கவனிக்கப்படாமல் கிடக்கிறது என்பதற்கு ஒரு காரணம் வரைபடத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1இல் இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் தொடர்கிறது, நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். அரண்மனையைக் காத்த படைத்தலைவரின் கல்லறையோ எல்லைக்கு இந்தப் பக்கத்தின் பொறுப்பில், ஒரு பூங்காவின் மூலையில் இருக்கிறது. திருவிதாங்கூர்ப் பெருமை பேசுகிறவர்களுக்கு இது வேறு மாநிலம், தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களுக்கு இவர் வேறு நாட்டவர். இருவருக்கும் நடுவில் கல் தனியாகக் கிடக்கிறது. ஆலயத்துக்குப் புதுக்கூரை போட்டு வண்ணம் பூசி மினுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது கெடுதலில்தான் முடியும். எழுத்து மேலும் தேயாமல் காக்கவும், இலத்தீன் வாசகத்தின் பொருளையும் தமிழ் வாசகத்தின் தெளிந்த படியையும் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதிவைக்கவும் பெரிய செலவு ஆகாது. மாவட்டத்துப் பள்ளிகள் பத்மநாபபுரத்துக்குச் சுற்றுலா போகும்போது பிள்ளைகளை இங்கே அரைமணி நேரம் நிறுத்தி, அந்தத் தமிழை அவர்களே எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி செய்யலாம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று மாவட்டம் முழுவதும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும். டி லனாய் குடும்பத்துக்கு அப்படி வர இங்கே உறவுகள் இல்லை. அரண்மனைக்குப் போகும் வழியில் நீங்கள் புலியூர்க்குறிச்சியில் இறங்குங்கள்.